சிங்கத்தின் பின்பாதி

என் கணவர் நாதன் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது "இவங்க ஜோவான், டீச்சர்" என்று மட்டும்தான் சொல்வார். போன டிசம்பரிலிருந்து அதோடு இன்னொரு வரியையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். "அந்த வீடியோ பாத்திருப்பீங்களே, சிங்கம் ரெண்டா போனது? அதுல பின்னால வர்றது இவங்கதான்." அதைப் பார்த்திருப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் கீழே பார்த்துவிட்டு, "ஓ!" என்கிறார்கள்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பெண்கள் இடைநிலைப்பள்ளியில் நான் கணக்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மகள் வங்கியில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தேன். உட்காருவது எனக்கு எப்போதுமே நன்றாக வரும். உடம்பைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. என்னுடையது தாராளமான உடம்பு. நான் படித்த காலத்திலேயே விளையாட்டுப் போட்டி என்றால் என்னை ஓடச் சொல்ல மாட்டார்கள், நேரம் குறிக்கச் சொல்வார்கள். அதிலும் ஒருமுறை பந்தயம் முடிந்த பிறகுதான் கடிகாரத்தை அழுத்தவே இல்லை என்று தெரிந்தது.

சிங்க நடனக் குழுவுக்கு நான் பொறுப்பாசிரியர் ஆனதற்குக் காரணம் ஒரு கறிபாப். ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் புறப்பாட நடவடிக்கைகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். தேவாலயத்தில் பாடுகிறவள் நான், பள்ளிப் பாடகர் குழு எனக்குத்தான் வரும் என்ற நம்பிக்கையில், கூட்டம் நீண்டுகொண்டே போனபோது மெல்லக் கேண்டீனுக்குக் கறிபாப் தின்ன இறங்கிப் போனேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து பலகையைப் பார்த்தேன். பாடகர் குழு, பாடத் தெரிந்த ஒருவருக்குப் போயிருந்தது. என் பெயருக்கு எதிரே சிங்க நடனம் என்று எழுதியிருந்தது.

சிங்க நடனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சீனப் பெருநாள் சமயத்தில் அந்த மேளச் சத்தம் கேட்டால் எங்கள் ஜெலுத்தோங் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்கும் போய்ப் படுக்கத் தோன்றும். எனக்கு அங்கே இடம் போதாது.

நல்லவேளை, குழுவுக்கென்று ஒரு பயிற்றுநர் இருந்தார். சனிக்கிழமை தோறும் ஒரு சங்கத்திலிருந்து வரும் சீன இளைஞர். பேச்சு குறைவு, விசில் அதிகம். அவர் பயிற்சி கொடுப்பார். நான் மரத்தடியில் நாற்காலி போட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மாணவிகளின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்துவேன். எப்போதாவது நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டுவேன். பிள்ளைகளுக்கு என்மேல் எந்தப் புகாரும் இல்லை. மரத்தின்மேல் யாருக்காவது புகார் இருக்குமா?

அந்த ஆண்டு இறுதியில், பள்ளி இதழுக்குக் குழுவின் ஆண்டு அறிக்கையை எழுதித் தரச் சொன்னார்கள். என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாததால், எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்தவர் எழுதிய அறிக்கையை எடுத்து, ஆண்டை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அதன் கடைசிப் பத்தியில், "மகப்பேறு விடுப்பில் இருந்தபோதும் பிள்ளைகளை மறக்காத நம் பொறுப்பாசிரியருக்கு நன்றி" என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. இதழ் வெளியான அன்று ஆசிரியர் அறையில் எனக்குக் கைகொடுத்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு செய்தியா என்று இரண்டு பேர் என் கையை விடவே இல்லை. நாதன் வேலை செய்யும், அக்கரையில் உள்ள மாக் மண்டின் தொழிற்சாலை வரைக்கும் செய்தி பெர்ரி ஏறிப் போய்விட்டது. மாலையில் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், "எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

இப்படி மானம் போன அதே டிசம்பரில்தான் பரிசளிப்பு விழா வந்தது.

ஐந்தாம் படிவப் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். மண்டபம் முழுக்கத் தேர்வு மேசைகள். அதனால் விழாவை ஒரு சனிக்கிழமை காலையில், திடலில் கூடாரம் போட்டு நடத்த முடிவானது. கல்வி இலாகாவிலிருந்து ஒரு பெரியவர் சிறப்பு விருந்தினராக வருகிறார். கூடார வாசலில் எங்கள் சிங்கம் அவரை வரவேற்று ஆட வேண்டும்.

சிங்கம் ஆட இரண்டு பேர் வேண்டும். தலையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி முன்னால் ஆடுவாள். துணிக்குள் குனிந்து, முன்னால் இருப்பவளின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி பின்னால் ஆடுவாள். எங்கள் தலை, அதிரா. நான்காம் படிவம், மெலிந்த உடம்பு, ஒரு நிமிடம் சும்மா இருக்காத கால்கள். எங்கள் வால், ஹுய் மின். நல்ல பலசாலி. விழாவுக்குச் சில நாள்களே இருக்கும்போது ஹுய் மின் கொம்தார் கட்டடப் படிக்கட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இறங்கி, கடைசிப் படியைத் தவறவிட்டாள். கணுக்காலில் மாவுக்கட்டு. தேர்வு எழுதும் அக்காமார்களைக் கூப்பிட முடியாது. மிச்சம் இருந்தவர்கள் மேளமும் தாளமும் அடிக்கும் சின்னப் பிள்ளைகள். அந்தத் துணியைப் போர்த்தினால் அவர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

பள்ளி முதல்வர் புவான் நோர்மா என்னைக் கூப்பிட்டார். அவர் சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கூட்டத்தில் மலாய்தான் பேசுவார். கோபம் வந்தாலோ, நம்மிடம் ஏதாவது ஆக வேண்டியிருந்தாலோ தமிழ் வந்துவிடும். அன்று தமிழில் ஆரம்பித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"என்ன ஜோவான், சிங்கத்தை நிறுத்திடலாமா?"

"தலை மட்டும் ஆடுனா போதாதா புவான்?"

"அப்ப அது சிங்கம் இல்ல, தொப்பி."

நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கும் அந்தச் சனிக்கிழமை நிம்மதியாகப் போகும். ஆனால் கதவுக்கு வெளியே அதிரா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் வேறு எதையோ சொன்னது. "இல்ல புவான், நான் பாத்துக்கிறேன்."

யாரையாவது தேடிப் பார்க்கிறேன் என்றுதான் பொருள். தமிழ் அவ்வளவு கடினமான மொழி இல்லை. ஆனால் பள்ளி விடுவதற்குள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் புவான் நோர்மாவின் அறிவிப்பு வந்துவிட்டது. சிங்கத்தின் பின்பகுதியாக இவ்வாண்டு நம் ஜோவான் டீச்சரே களம் இறங்குகிறார், அவருடைய துணிச்சலுக்குப் பாராட்டுகள். அடுத்தடுத்து கைதட்டும் படங்கள் வந்து விழுந்தன. உடற்பயிற்சி ஆசிரியை மட்டும் ஓர் ஆம்புலன்ஸ் படம் அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அவர் அறைக்குப் போனேன்.

"புவான், நான் பாத்துக்கிறேன்னு சொன்னது, ஆள் பாக்கிறேன்னு."

"நீங்களும் ஆள்தானே?" என்றார் புவான் நோர்மா. கோப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

வெளியே வந்தால் அதிரா.

"டீச்சர், நெஜமாவே நீங்களா?"

"அது வந்து, அதிரா..."

"எங்கம்மா லீவு போட்டுட்டாங்க டீச்சர். நேத்தே சொல்லிட்டேன்."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அதிராவின் அம்மா ஜெயலெட்சுமியை எனக்குத் தெரியும், குரலாக மட்டும். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. அதிரா என் கணக்கியல் வகுப்பில் பற்றையும் வரவையும் எந்தப் பக்கம் போடுவது என்று இன்னும் முடிவு செய்யாத பெண். தேர்வுத் தாளில் சில நாள் சிங்கத்தின் முகம் வரைந்து வைத்திருப்பாள், நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் நான் அவள் அம்மாவைக் கூப்பிடுவேன். "அதிரா அம்மாவா?" என்று நான் கேட்டதும், பின்னால் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, "இப்ப என்னா செஞ்சிட்டா டீச்சர்?" என்று பதில் வரும். நான் யார் என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. வேறு யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை போலிருக்கிறது. பள்ளிக்கு அவர் வந்ததெல்லாம் என்னைப் பார்க்க அல்ல, கட்டொழுங்கு ஆசிரியரைப் பார்க்க. அப்படிப்பட்டவர் மகள் ஆடுவதைப் பார்க்க விடுப்பு எடுத்திருக்கிறார்.

"சரி" என்றேன். "எத்தனை மணிக்குப் பயிற்சி?"

பயிற்றுநர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்து, மலாயில் மெதுவாக, தூக்குவது எல்லாம் வேண்டாம், தாண்டுவதும் வேண்டாம், நடந்தால் போதும் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, நடப்பதிலும் சில இடங்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

சிங்கத்துக்குள் உலகம் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முன்னால் ஒரு பெண்ணின் முதுகு. கீழே கொஞ்சம் தரை. மேலே மஞ்சள் துணி. உள்ளே சூடு, யார் யாரோ விட்டுப்போன வியர்வை வாசனை. இடுப்பை மடித்துக் குனிந்தபடியே ஓட வேண்டும், குதிக்க வேண்டும், அவ்வப்போது பின்புறத்தை ஆட்டி வாலை அசைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. பயிற்றுநர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மற்றதெல்லாம் தகராறு.

"டீச்சர், எடது!"

"எந்த எடது?"

"எல்லாருக்கும் ஒரே எடதுதான் டீச்சர்!"

வகுப்பில் நான் அவளிடம் பேசும் அதே குரல். பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லும் குரல். நான் இவ்வளவு எரிச்சலூட்டுகிறவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹுய் மின் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் தப்பு செய்யும்போதெல்லாம் "அலாமாக்" என்று முனகினாள். நிறைய முனகினாள்.

அடுத்த சிக்கல் காற்சட்டை. சிங்கத்தின் கால்களுக்கு மஞ்சள் ரோமம் வைத்த காற்சட்டை உண்டு. அது பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காகத் தைத்தது. நான் பதினாறு வயதில் இருந்தபோதே அது எனக்குப் போதாமல்தான் இருந்திருக்கும். தையல் சொல்லித்தரும் வாழ்வியல் திறன் ஆசிரியை இரண்டு பக்கமும் பிரித்து, நடுவில் பழைய திரைச்சீலைத் துணியை ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். "குனியும்போது பாத்து குனி ஜோவான்" என்றார். நடனம் முழுக்கக் குனிவதுதான் என்று அவருக்கு யார் சொல்வது?

வீட்டில் நாதன் என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே சிரித்தார். சத்தமாகச் சிரித்தாலாவது தேவலாம். அவர் சத்தமில்லாமல் சிரிப்பது கை வழியாக என் முதுகுக்குத் தெரிந்தது.

"எல்லாம் ஏதோ பாடகர் குழுன்னு நெனச்சு கல்யாணம் பண்ணேன்" என்றார். "கடைசியில சர்க்கஸ்."

"நீங்க வர வேணாம்."

"வராம இருப்பனா? மேனேஜர்கிட்ட லீவு கேட்டாச்சு. காரணம் சொன்னதும் அவரும் வர்றேன்றார்."

விழா அன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கூடாரத்துக்குள் பெற்றோர்களும் பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் அக்கரையிலிருந்து வரும் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்துகொண்டிருந்தார். எப்போது வேண்டுமானாலும் வந்துவிடுவார் என்பதால் நாங்கள் இருவரும் துணிக்குள்ளேயே காத்திருந்தோம். என் கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றி யாரிடமோ கொடுத்தேன். அதோடு கொஞ்ச நஞ்சம் தெரிந்த தரையும் மங்கலாகிவிட்டது.

"டீச்சர், பயமா இருக்கா?" என்று அதிரா திரும்பாமலே கேட்டாள்.

"இல்ல. ஒனக்கு?"

"எனக்கு இருக்கு. எங்கம்மா முன் வரிசையில ஒக்காந்திருக்காங்க. செவப்பு சேலை."

"நல்லா ஆடு. பின்னால நான் இருக்கேன்."

நான் பின்னால் இருப்பதுதான் பயத்துக்குக் காரணம் என்று அவள் சொல்லாமல் விட்ட மரியாதையை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

விருந்தினரின் காடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேளம் முழங்கியது. கிளம்பினோம்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. முன்னே போனோம், பின்னே வந்தோம், வாலை ஆட்டினேன், கைதட்டல் கேட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். இவ்வளவு நாளும் இந்தத் திறமையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் ஜோவான் என்று எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்து இடது பக்கம் திரும்ப வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. அதிரா இடது பக்கம் திரும்பினாள். நான் மனப்பூர்வமாக வலது பக்கம் திரும்பினேன்.

"பர்ர்ர்" என்று ஒரு சத்தம்.

சிங்கத்தின் தலையையும் துணியையும் சேர்த்திருப்பது வெல்க்ரோ பட்டை. பிரிந்தது அதுதான். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு ஒட்டுப் போட்ட காற்சட்டையைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. போச்சு, கிழிந்துவிட்டது என்று முடிவு கட்டி, அதிராவின் இடுப்புப் பட்டையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் பின்புறத்தைப் பொத்திக்கொண்டேன்.

கூட்டம் சிரித்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை, கூடாரமே ஆடுகிற மாதிரி. என் காற்சட்டையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துணியைத் தூக்கிவிட்டு வெளியே வந்தால் கிழிசலோடு ஊரே பார்க்கும். உள்ளேயே இருந்தால் பார்த்தது யாரை என்றாவது தெரியாது. ஆகவே துணியைப் போர்த்தியபடியே, குனிந்தபடியே, கேண்டீன் பக்கம் ஓடி மறைந்துவிடலாம் என்று கிளம்பினேன். கேண்டீன் எந்தப் பக்கம் என்று எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தலையில்லாத ஒரு மஞ்சள் முதுகு தனியாகத் திடலில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பிறகு வீடியோவில் பார்த்தேன். நான் ஓடியது கேண்டீனுக்கு அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு துண்டுத் தரையில், திடீரென்று புல் முடிந்து சிவப்புக் கம்பளம் வந்தது. கம்பளத்தின் மேல் ஒரு ஜோடி கருப்புச் சப்பாத்து. பளபளவென்று துடைத்தது. எங்கள் பள்ளியில் யாரும் அப்படிச் சப்பாத்து போடுவதில்லை.

கல்வி இலாகா.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லித்தரவில்லை. விருந்தினர் முன்னால் சிங்கம் வணங்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. வணங்குவதற்குத் தலை வேண்டும். என்னிடம் இருந்தது வால். திரும்பி நின்று அதை ஆட்டினேன்.

அப்போது எழுந்த சத்தத்தை நான் இதுவரை எந்தப் பெருநாளிலும் கேட்டதில்லை. மேளம் அடித்த சின்னப் பிள்ளைகள் சிரிப்பில் தாளத்தை விட்டுவிட்டார்கள். ஒரு நொடி மேளமே நின்றது. பிறகு மெதுவாக, பதுங்கிப் பதுங்கி வருவது போல, டும்... டும்... என்று ஒற்றை அடி ஆரம்பித்தது. அதற்குக் காரணம் அதிரா என்று எனக்கு அப்போது தெரியாது.

அவள் ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். துணியை மாட்டிவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஆடியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. சிங்கத்தின் தலையைப் பின்னால் திருப்பி, தன் உடம்பைத் தேடுவது போல அங்குமிங்கும் பார்த்தாள். கண்ணிமைகளைப் படபடவென்று அடித்தாள். காணோம் என்றதும் வாயைப் பிளந்தாள். கூட்டத்தில் ஒரு குழந்தை, "அங்க! அங்க!" என்று என்னைக் காட்டிக் கத்தியது. சிங்கம் அந்தக் குழந்தையிடம் போய்த் தலையாட்டி நன்றி சொன்னது. பிறகு என்னைப் பார்த்தது. மேளத்தைப் பார்த்து ஒருமுறை காலைத் தட்டியது. பிள்ளைகள் புரிந்துகொண்டு அந்தப் பதுங்கும் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஓர் எட்டு வைத்து, சிங்கம் தன் சொந்த வாலை வேட்டையாட வந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், கண்ணுக்கு முன்னால் ரோமக் கால்கள் இரண்டு வந்து நின்றன. அடுத்த நிமிடம் எதுவோ என் பின்புறத்தைக் கவ்வியது. நான் போட்ட அலறல் வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.

"டீச்சர், நான்தான், நான்தான்!" அதிராவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "காசட்டை கிழியல. பெல்ட்டப் புடிங்க."

"கிழியலயா?"

"இல்ல டீச்சர். புடிங்க. எடது. டீச்சர், எடது!"

பிடித்தேன். இடது பக்கம் திரும்பினேன். வாழ்க்கையிலேயே அவ்வளவு சரியாக நான் எங்கும் திரும்பியதில்லை. கடைசியில் சிங்கம் மேசைமேல் கால் வைத்து நிமிர்ந்து, வாயிலிருந்து வாழ்த்துத் துணியை விரித்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம். நான் பார்த்தது மேசைக் கால்.

ஆடை மாற்றும் அறையில் என்னை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. புடவையைக் கட்டி, முகம் கழுவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதுகை ஒரு கையால் தாங்கியபடி வெளியே வந்தேன். சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் நேராக என்னிடம் வந்தார். ஒல்லியான உடம்பு, அதிராவின் அதே கண்கள்.

"ஜோவான் டீச்சர்தானே? கொரலக் கேட்டுக் கேட்டு பழக்கம். மொகத்த இன்னிக்கித்தான் பாக்கிறேன்."

"வாங்கக்கா. அதிரா பிரமாதமா ஆடுனா" என்றேன். வயதில் அவர் என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் அன்றைக்கு அக்கா என்றுதான் வாயில் வந்தது.

அவர் முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அந்தப் பின்னால ஆடுன பிள்ள யாரு?"

"எதுக்கு கேக்கிறீங்க?"

"கவனமே இல்ல டீச்சர் அதுக்கு. எம்மக இல்லாட்டி இன்னிக்கி எல்லாம் நாசம். கொஞ்சம் கூப்ட்டுக் கண்டிச்சு வைங்க. அது வூட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. அப்பதான் திருந்தும்."

இரண்டடி தள்ளி அதிரா நின்றாள். இன்னும் அந்த ரோமக் காற்சட்டையோடு. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண் நிறையச் சிரிப்போடு என்னையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நாதன், தன் மேனேஜரோடு.

"சொல்றேங்க்கா" என்றேன். "அது வீட்டுக்காரரும் இங்கதான் இருக்காரு. இப்பவே சொல்லிடுறேன்."

"வூட்டுக்காரரா? கல்யாணமான பிள்ளையா?" ஜெயலெட்சுமி திகைத்துப்போனார்.

அதற்குமேல் அதிராவால் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்துச் சிரித்து, அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, காதில் என்னமோ சொன்னாள். ஜெயலெட்சுமி என்னைப் பார்த்தார். முதுகில் இருந்த என் கையைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ டீச்சர்! மன்னிச்சிருங்க டீச்சர்! எனக்குத் தெரியாதுலா!"

"நீங்க சொன்னது எல்லாம் சரிதான்க்கா. கவனம் இல்லதான்."

அவர் அழுவாரோ என்று பயந்தேன். அவரோ சிரிக்க ஆரம்பித்தார். தொலைபேசியில் இத்தனை நாள் கேட்ட அந்தக் களைத்த குரலுக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நானும் சிரித்தேன். முதுகு வலித்தது, இருந்தாலும் சிரித்தேன். பிறகு அவர் தன் கைப்பையிலிருந்து வலிக்கு ஒட்டும் கோயோக் பிளாஸ்டர் ஒன்றை எடுத்து, சலவை வேலைக்காரிகள் எல்லாரும் இதைத்தான் ஒட்டுவார்கள் என்று சொல்லி, அங்கேயே என் முதுகில் ஒட்டிவிட்டார்.

கல்வி இலாகா பெரியவர் தம் உரையில், சிங்கத்தின் அந்தப் புதுமையான அங்கத்தை வெகுவாகப் பாராட்டினார். அதை யோசித்து அமைத்த பொறுப்பாசிரியரை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்து நிற்க நேரமானது. புவான் நோர்மா என்னைப் பார்த்த பார்வையில், பல வாரங்களாக ஒத்திகை பார்த்தோம் என்று நான் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தது. எல்லாம் அதிராவின் யோசனை என்று சொன்னேன். அது பொய்யில்லை என்பதால் சுலபமாக வந்தது. அவளையும் எழுந்து நிற்க வைத்தார்கள். எல்லாரும் அவளைப் பார்க்க, அவள் தன் அம்மாவைப் பார்த்தாள்.

அந்த வீடியோ எப்படியெல்லாமோ சுற்றியது. பசாரில் மீன்காரர் எனக்கு ஒரு கெம்போங் மீனைக் கூடப் போட்டுவிட்டு, வாலை வெட்டட்டுமா வேண்டாமா என்று மரியாதையாகக் கேட்டார். பள்ளி இதழுக்கு இந்த முறை அறிக்கையை நான் எழுதவே இல்லை. அதிராவையே எழுதச் சொன்னேன். எழுத்துப் பிழைகள் நிறைய. என்னைப் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது. "டீச்சர் கடைசி வரை துணியை விட்டு வெளியே வரவில்லை." அதைத் திருத்தவில்லை.

அதிரா இப்போது ஐந்தாம் படிவம். கணக்கியலில் இன்னும் தேறவில்லை, ஆனால் முன்பு காலியாக விட்ட இடங்களில் இப்போது தப்பாகவாவது எதையாவது எழுதுகிறாள். நானும் பொறுமையாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். "எல்லாருக்கும் ஒரே வரவுதான் அதிரா" என்று ஒருநாள் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

ஹுய் மின்னின் கால் சரியாகி, வாலை அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நாதன் நம்ப மாட்டார். பயிற்சியின்போது சும்மா உட்காரப் பிடிக்காமல், தாளமாவது அடிக்கிறேனே என்று கேட்டேன். பயிற்றுநர் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பொறுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் தாளத்தை மென்மையாக என் கையிலிருந்து வாங்கிவிட்டு, சாவிக்கொத்து ஒன்றைக் கொடுத்தார். இப்போது சிங்கம் வைக்கும் அறையைத் திறப்பதும் பூட்டுவதும் என் பொறுப்பு. அந்தப் பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இடது பக்கம் திருகினால்தான் திறக்கும். முதல் சில வாரம் பிள்ளைகள் வெளியே நின்று காத்திருந்தார்கள்.